பழுப்பு வண்டலை எப்படி நம்புவது?

அன்றாடங்காய்ச்சி என்பார்களே, நம் இதயம் அதைவிட மோசம். செல்களுக்கு ஆற்றல் தரும் மூலக்கூறான ஏடிபி, ஒரு நாளைக்கு அதற்குச் சுமார் 6 கிலோ தேவை. கையிருப்போ சில விநாடிகளுக்குத்தான் காணும். விநாடிக்கு விநாடி சம்பாதித்துக் கொடுப்பவை செல்லுக்குள் இருக்கும் நுண்ணிய உறுப்புகளான மைட்டோகாண்ட்ரியாக்கள். இதயத் தசை செல்லில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இடத்தை அவையே அடைத்துக்கொண்டிருக்கின்றன. எரிபொருள் பெரும்பாலும் கொழுப்பு.

கொழுப்பு எரிவது மைட்டோகாண்ட்ரியாவுக்குள் என்று காட்டியது ஒரு கைடும் அவருடைய ஆய்வு மாணவரும். சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஆல்பர்ட் லெனிஞ்சர் கைடு, யூஜீன் கென்னடி மாணவர். இருவருக்கும் வயதில் இரண்டு வருடம்தான் வித்தியாசம். அதற்கு முன்பு கல்லீரலை அரைத்த கூழில் கொழுப்பு எரிவதைப் பார்க்க முடிந்தது. செல்லின் எந்தப் பகுதி அதைச் செய்கிறது என்று பிரித்துச் சொல்லத்தான் வழியில்லை. வெறும் தண்ணீரில் போட்டால் மைட்டோகாண்ட்ரியா ஊதி வெடித்துவிடும், உப்புக் கரைசலில் திரண்டு ஒட்டிக்கொள்ளும். 1948-இல் ஹோஜ்பூம், ஷ்னைடர், பலாடி மூவரும் சுக்ரோஸ் கரைசலில் அதைக் குலையாமல் பிரித்துக் காட்டினார்கள். சுக்ரோஸ் வேறொன்றுமில்லை, நாம் காபியில் போடும் சர்க்கரைதான். அந்த முறையைக் கையில் எடுத்த கென்னடியும் லெனிஞ்சரும், கொழுப்பை எரிப்பது, அதன் துண்டுகளை முழுதாக எரித்து முடிக்கும் கிரெப்ஸ் சுழற்சி, ஏடிபி தயாரிப்பு எல்லாம் அங்கேயே நடக்கின்றன என்று நிறுவினார்கள்.

இன்றைக்கு நீரிழிவு இதயத்தை ஆராயும் மாணவரும் கிட்டத்தட்ட அதே வேலையைத்தான் செய்கிறார். எலியின் இதயத்தைப் பனிக்குளிரில் பொடியாக நறுக்கி, கண்ணாடிக் குழாயில் டெஃப்லான் உலக்கையால் அரைக்கிறார். வேகமாகச் சுழற்றிப் பிரிக்கும் சென்ட்ரிஃபியூஜில் முதலில் மெதுவாகச் சுற்றினால் கசடு இறங்கும். மேலே நிற்கும் நீரை வேகமாகச் சுற்றினால் அடியில் பழுப்பு வண்டல் படியும், அதுதான் மைட்டோகாண்ட்ரியா. அந்தப் பழுப்பு, மைட்டோகாண்ட்ரியா மூச்சு விடத் தேவையான சைட்டோகுரோம் என்ற புரதங்களில் இருக்கும் இரும்பின் நிறம்.

அப்புறம் அதன் மூச்சை அளக்க வேண்டும். ஆக்சிஜன் எலக்ட்ரோடு பொருத்திய சின்ன அறையில் வண்டலையும் எரிபொருளையும் சேர்த்தால் ஆக்சிஜன் மெல்லக் குறையும். ஏடிபி செய்யக் கச்சாப் பொருள் 'அடினோசின் டைபாஸ்பேட்'; அதன் சுருக்கமும் தமிழில் ஏடிபி என்றே வந்து குழப்பும் என்பதால் முழுப் பெயரையே சொல்கிறேன். அதைக் கொஞ்சம் விட்டதும் ஆக்சிஜன் அளவைக் காட்டும் கோடு சரசரவென்று இறங்கும், தீர்ந்ததும் மறுபடி நிதானமாகும். காரணம், மைட்டோகாண்ட்ரியாவின் இரண்டு சவ்வுகளில் உள்சவ்வு. எரிபொருளின் ஆற்றல் புரோட்டான்களைச் சவ்வுக்கு வெளியே தள்ளுகிறது. அவை திரும்பி வரும் வழியில்தான் ஏடிபி செய்யும் சக்கரம் இருக்கிறது. கச்சாப் பொருள் இல்லையென்றால் சக்கரம் நிற்கும், வெளியே நெரிசல், மூச்சும் தளரும். சவ்வு ஒழுகினால் மூச்சு தளராது. வேகமான மூச்சுக்கும் நிதானமான மூச்சுக்கும் உள்ள விகிதத்தைப் பார்த்தே வண்டலின் தரத்தைச் சொல்லிவிடலாம். பிரிட்டன் சான்ஸும் வில்லியம்ஸும் 1955-இல் வகுத்த அளவுகோல் இது.

சரி, நீரிழிவு எலியின் மைட்டோகாண்ட்ரியா மந்தமாக மூச்சு விடுகிறது என்று மாணவர் வரைபடத்தோடு ஓடி வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். நல்ல கைடு பாராட்டுவதற்கு முன் கேட்பார்: "சைட்டோகுரோம் சி விட்டுப் பார்த்தியா?"

இந்தப் புரதம் இரண்டு சவ்வுகளுக்கும் இடையில் தளர்வாக ஒட்டியிருக்கிறது. வெளிச்சவ்வு கிழிந்தால் நழுவிப் போய்விடும், மூச்சும் குறையும். வெளியிலிருந்து அதை விட்டதும் மூச்சு மீண்டால், கிழிசல் உறுதி. கிழியாத சவ்வு அதை உள்ளே விடாது, கோடும் மாறாது. ஆக, மந்தத்துக்குக் காரணம் நோயா, உலக்கையா என்பது ஒரு துளியில் தெரிந்துவிடும்.

ஆய்வாளரை ஏமாற்றும் இன்னொரு விஷயம் எனக்கு இதைவிடச் சுவாரசியம். இதயத்தில் இரண்டு கூட்டம் மைட்டோகாண்ட்ரியா உண்டு என்று பால்மர், டாண்ட்லர், ஹோப்பெல் 1977-இல் காட்டினார்கள். செல் சவ்வுக்கு அடியில் இருப்பவை அரைத்தாலே வந்துவிடும். தசை இழைகளுக்கு நடுவே சிக்கியிருப்பவற்றை விடுவிக்கப் புரதத்தை வெட்டும் நொதி வேண்டும். ஒரு ஆய்வகம் முதல் கூட்டத்தையும் இன்னொன்று இரண்டாவதையும் அளந்துவிட்டு ஒரே இதயத்தைப் பற்றி வாதாடிக்கொண்டிருக்கலாம்.

உலக்கையை எத்தனை முறை, எவ்வளவு அழுத்தி இறக்குவது என்பது கட்டுரைகளின் செய்முறைப் பகுதியில் சரியாக எழுதப்படுவதில்லை. அதைப் பக்கத்தில் நின்று பார்த்துத்தான் பழக வேண்டும். பனிக்கட்டியில் வைத்தாலும் வண்டல் சில மணி நேரமே தாங்கும் என்பதால், மதியம் கைடுக்குச் சந்தேகம் வந்தால் மறுநாள் காலை வேறொரு இதயத்திலிருந்துதான் தொடங்க வேண்டும்.