உருளைக்கிழங்கிலிருந்து தொடங்கும் அய்மாரா வகுப்பு

ஆரம்பப் பள்ளி ஆசிரியர்களுக்குப் பயிற்சி தரும்போது அய்மாரா குழந்தைகளைப் பற்றித்தான் அதிகம் பேசுவேன். தென் அமெரிக்காவில், தித்திகாக்கா ஏரியைச் சுற்றி ஏறத்தாழ 3,800 மீட்டர் உயரத்தில் வாழும் மக்கள் அவர்கள். கிராமத்து வீட்டில் அய்மாரா, பள்ளியில் ஸ்பானிஷ்.

அய்மாராவில் அ, இ, உ, அவற்றின் நெடில்கள், அவ்வளவுதான் உயிர் ஒலிகள். அதனால் முதல் வகுப்புக் குழந்தை ஸ்பானிஷ் எழுதும்போது எ வர வேண்டிய இடத்தில் இ வரும், ஒ வர வேண்டிய இடத்தில் உ வரும். இந்தக் காரணம் தெரியாத ஆசிரியர், குழந்தைக்குப் படிப்பு ஏறவில்லை என்று முடிவு கட்டிவிடுவார். வகுப்பே சிரித்தால் அந்தக் குழந்தை அப்புறம் வாயே திறக்காது.

சரி, பாடப்புத்தகத்தை அய்மாராவில் மொழிபெயர்த்துவிட்டால் போதுமா? பாதி வேலைதான் முடிந்திருக்கும். அந்த மக்களின் அறிவும் பாடத்துக்குள் வர வேண்டும். உறையவைத்து உலர்த்திய உருளைக்கிழங்கான சுன்யோவை எடுத்துக்கொள்ளுங்கள். ஜூன், ஜூலை மாதக் கடுங்குளிரில் உருளைக்கிழங்கைத் தரையில் பரப்பி வைப்பார்கள். இரவில் உறையும், பகலில் இளகும். சில நாள் கழித்துக் காலால் மிதித்துத் தண்ணீரை வெளியேற்றி, வெயிலில் காயவைப்பார்கள். வருடக்கணக்கில் கெடாது. உறையும்போது பனிப்படிகங்கள் கிழங்கின் செல்களைக் கிழித்துவிடுவதால்தான் நீர் அவ்வளவு சுலபமாகப் பிரிகிறது. உறைதல், உருகுதல், ஆவியாதல் மூன்றையும் பாட்டி அய்மாராவிலேயே சொல்லித்தரட்டும். பச்சைக் கிழங்கையும் காய்ந்ததையும் எடை போட்டால் கழித்தல் கணக்கும் வந்துவிடும்.

தானே கண்டதா, கேள்விப்பட்டதா என்பதை அய்மாரா வினைச்சொல்லே காட்டிவிடும், நம் ‘வந்தான்’, ‘வந்தானாம்’ போல. உற்றுநோக்கிக் குறிப்பெடுக்கும் அறிவியல் வகுப்புக்கு இதைவிட நல்ல துணை வேண்டுமா?

1931-ல் பொலிவியாவின் வரிசாத்தாவில் அய்மாரா கல்வியாளர் அவெலினோ சின்யானியும் ஆசிரியர் எலிசார்டோ பெரெஸும் தொடங்கிய பள்ளியில் வகுப்பறை, வயல், பட்டறை மூன்றும் சேர்ந்தே இயங்கின. 2010-ல் வந்த அந்நாட்டுக் கல்விச் சட்டம் இவ்விருவர் பெயரையே தாங்குகிறது.

“அய்மாரா வீட்டிலேயே வந்துவிடும், ஸ்பானிஷ் கற்றுக்கொடுங்கள்” என்று பெற்றோர் கேட்பதில் நியாயம் இருக்கிறது. நகரத்தில் மொழிக்காக அவமானப்பட்டவர்கள் அவர்கள். தெரிந்த மொழியில் வாசிக்கப் பழகிய குழந்தை அந்தத் திறனை ஸ்பானிஷுக்கும் கொண்டுபோகும் என்பதை அவர்களிடம் பொறுமையாக விளக்க வேண்டும். சுன்யோ செய்யத் தெரிந்த பாட்டியை விழா நாளில் மட்டும் அழைக்காமல், வாரந்தோறும் வகுப்புக்கு வரவழைத்து, அதற்கு முறையான சம்பளமும் கொடுக்க வேண்டும்.