குழந்தையை ஏற்றும் முன் குதிரையின் முதுகைத் தடவிப் பாருங்கள்

“குதிரை மேல ஏத்துனா எம்புள்ள நடந்துருவானா மேடம்?” உசிலம்பட்டிப் பக்கமிருந்து வந்த ஓர் அம்மா ஆறு மாதம் முன்பு கேட்டார். மூளை முடக்குவாதம் (மூளைப் பாதிப்பால் கைகால் அசைவு கட்டுக்குள் வராத நிலை) உள்ள ஐந்து வயது மகனை இடுப்பில் தூக்கிக்கொண்டு, இரண்டு பஸ் மாறி மதுரைக்கு வந்திருந்தார்.

நடந்துவிடுவான் என்று நான் சொல்லவில்லை. சொல்பவர்களை நம்பாதீர்கள். போலியோ வந்து முழங்காலுக்குக் கீழே முடங்கிய பிறகும், 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் குதிரையேற்றத்தில் வெள்ளி வென்ற டென்மார்க்கின் லிஸ் ஹார்டெல் கதையை எல்லோரும் சொல்வார்கள். நோய்க்கு முன்பே அவர் தேர்ந்த வீராங்கனை என்பதை யாரும் சொல்வதில்லை.

சரி, உண்மையில் என்ன கிடைக்கும்? குதிரை நடக்கும்போது அதன் முதுகு முன்னும் பின்னும், மேலும் கீழும், பக்கவாட்டிலும் அசையும். உட்கார்ந்திருக்கும் குழந்தையின் இடுப்பு அந்த அசைவை வாங்கிக்கொள்ளும். நாம் நடக்கையில் நம் இடுப்பு அசைவதும் ஏறக்குறைய இப்படித்தான். ஒவ்வொரு அடிக்கும் குழந்தை லேசாகச் சரிந்து, தானே நிமிர வேண்டும். நிமிடத்துக்கு 100 அடி என்று வைத்தாலும் 20 நிமிடத்தில் 2,000 முறை. பிசியோதெரபிஸ்டாக என் அறையில் பந்து மேல் உட்கார வைத்து என்னால் இதைத் தர முடியாது. ஓட்டம் தேவையே இல்லை, நடைதான் மருந்து.

அந்தப் பையனை முதல் இரண்டு நாள் ஏற்றவே இல்லை. உள்ளங்கையை விரித்துக் கேரட் கொடுக்கப் பழக்கினோம். “அழகர் குதிரை” என்று அவனே பெயர் வைத்தான். மூன்றாம் நாள் சேணம் இல்லாமல், மெத்தென்ற விரிப்பின் மேல் உட்கார வைத்தோம். குதிரையின் உடல் சூடு சுமார் 38 டிகிரி செல்சியஸ், நம்மைவிடக் கொஞ்சம் அதிகம். ஒருவர் கயிற்றைப் பிடிக்க, பக்கத்துக்கு ஒருவராக இருவர் அவன் தொடையைப் பிடித்து நடந்தோம். அந்தச் சூட்டிலும் அசைவிலும், கத்தரிக்கோல் போலப் பின்னிக்கிடந்த கால்கள் மெல்லத் தளர்ந்தன. “ராத்திரி ஜட்டி போடும்போது காலு லேசா விரிஞ்சுச்சு மேடம்” என்றார் அம்மா. அந்தத் தளர்வு சில மணி நேரம்தான் இருக்கும். அதற்குள் வீட்டில் கால் நீட்டும் பயிற்சியைச் செய்துவிட வேண்டும்.

ஒருநாள் அவன் இடது பக்கமே சாய்ந்துகொண்டிருந்தான். இரண்டு சுற்று அவனை நேராக்கிக்கொண்டே வந்தேன். குதிரைக்கார அண்ணன்தான் நிறுத்தினார்: “புள்ளைய விடுங்க மேடம், குதிரை வலது பின்னங்காலை ஊன மாட்டேங்குது.” குளம்பில் கூழாங்கல் சிக்கியிருந்தது. குதிரையின் வலி குழந்தையின் இடுப்பில் தெரிந்திருக்கிறது, எனக்குத்தான் புரியவில்லை. அன்றிலிருந்து முதலில் குதிரையைத்தான் பார்க்கிறேன். நான்கு குளம்பையும் தூக்கிப் பார்ப்பேன். முதுகெலும்பின் இருபுறமும் கையால் அழுத்துவேன். முதுகை வளைத்தாலோ, காதைப் பின்னால் மடக்கினாலோ அன்று சவாரி கிடையாது. கடல் வழியே வந்த குதிரைகளைப் பராமரிக்கத் தெரியாமல் பாண்டிய நாட்டில் சாகவிட்டார்கள் என்று 13ஆம் நூற்றாண்டிலேயே மார்கோ போலோ எழுதியிருக்கிறார். கல்யாண ஊர்வலம் முடித்து, முதுகுப் புண்ணோடு அப்படியே காலைச் சவாரிக்கு வரும் குதிரைகளை இன்றும் பார்க்கிறேன்.

குழந்தையையும் பார்க்க வேண்டும். டவுன் சின்ட்ரோம் என்றால் கழுத்து எலும்பு உறுதியாக இருக்கிறதா என்று மருத்துவரிடம் கேட்காமல் ஏற்றவே கூடாது. மூளை முடக்குவாதத்தில் இடுப்பு மூட்டு விலகியிருக்கலாம், எக்ஸ்ரே அவசியம். வலிப்பு கட்டுக்குள் வராதவர்கள் காத்திருக்கட்டும். ஓரிடத்தில், விழாமல் இருக்க என்று குழந்தையைத் துண்டால் சேணத்தோடு கட்டியிருந்தார்கள். பதறிப்போனேன். குதிரை மிரண்டாலோ சரிந்தாலோ குழந்தையை எப்படிப் பிரித்து எடுப்பது? கட்டாதீர்கள், பிடித்துக்கொள்ளுங்கள். தலையில் குதிரையேற்ற ஹெல்மெட் இருக்கட்டும். சித்திரை வெயிலில் ஏழரைக்குள் முடித்துவிடுங்கள், அப்புறம் குதிரைக்கும் தாங்காது.

போன வாரம் காலையில் பார்த்தால் லாடம் ஒன்று கழன்றிருந்தது. சவாரி இல்லை என்றேன். இரண்டு பஸ் மாறி வந்தவர் கோபித்துக்கொள்வாரோ என்று தயக்கமாக இருந்தது. அந்த அம்மா பையனை லாயத்துக்குத் தூக்கிப்போய், “பாருடா, அழகர் குதிரைக்குக் காலு வலிக்குதாம்” என்று குளம்பைக் காட்டிக்கொண்டிருந்தார்.