கொதிநீரில் கறுக்கும் துரு

அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்தில் இருக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "பக்கத்து வீட்டுப் பெரியவர் தன் அப்பாவின் பழைய இரட்டைக் குழல் வேட்டைத் துப்பாக்கிக்கு வீட்டிலேயே கறுப்பேற்றுகிறார். வேண்டுமென்றே குழலைத் துருப்பிடிக்க விட்டு, அப்புறம் கொதிநீரில் போடுகிறார். செந்துரு எப்படிக் கறுப்பாகிறது?"

இந்த வேலைக்கு 'ரஸ்ட் புளூயிங்' என்று பெயர். பளபளப்பான எஃகில் அந்தக் கறுப்பு கருநீலமாகத் தெரியும், அதனால்தான் புளூ. உள்ளே குண்டு இல்லை என்று உறுதி செய்துகொண்டு, பாகங்களைக் கழற்றி, பழைய துருவை உப்புத்தாளால் தேய்த்து, எண்ணெய்ப் பசை போகக் கழுவுவார்கள். விரல் பட்ட இடம்கூடச் சரியாகப் பிடிக்காது. பிறகு அமிலக் கரைசலை மெல்லிசாகத் தடவி, ஈரக்காற்று நிறைந்த பெட்டியில் சில மணி நேரம் தொங்கவிட்டால் குழல் முழுக்க ஆரஞ்சு நிறத்தில் துரு பூக்கும்.

எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இனிமேல்தான்.

செந்துருவில் இருக்கும் இரும்பு அணுக்கள் எல்லாமே தலா மூன்று எலெக்ட்ரான்களை இழந்தவை. தண்ணீர் கொதிக்கும்போது அதில் கரைந்திருந்த ஆக்சிஜன் வெளியேறிவிடுகிறது. எலெக்ட்ரானைப் பிடுங்க வெளியே ஆளில்லை. இப்போது துருவுக்கு அடியில் இருக்கும் உலோக இரும்பு, தன் எலெக்ட்ரான்களை மேலே இருக்கும் துருவுக்கே கொடுக்கிறது. எடையில் அல்ல, மூலக்கூறு எண்ணிக்கையில் பார்த்தால் கணக்கு அழகானது: எட்டுப் பங்கு துருவும் ஒரு பங்கு இரும்பும் சேர்ந்து மூன்று பங்கு மேக்னடைட்டும் நான்கு பங்கு தண்ணீரும் ஆகின்றன. மேக்னடைட் என்றால் கறுப்பு நிற இரும்பு ஆக்சைடு, Fe₃O₄. சேலம் கஞ்சமலையின் இரும்புத் தாதும் இதுதான். கடற்கரை மணலில் காந்தத்தை வைத்தால் ஒட்டிக்கொண்டு வருகிறதே கறுப்புப் பொடி, அதிலும் இது உண்டு.

ஏன் கறுப்பு? மேக்னடைட்டில் இரண்டு எலெக்ட்ரான் இழந்த இரும்பும் மூன்று இழந்த இரும்பும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு எலெக்ட்ரான் தாவிக்கொண்டே இருக்கும். கண்ணுக்குத் தெரியும் ஒளியில் எந்த நிறம் வந்து விழுந்தாலும் பெரும்பாலும் விழுங்கிவிடுகிறது. தோசைக்கல்லின் கறுப்பு வேறு. அதில் பெரும்பகுதி எண்ணெய் சூட்டில் இறுகியது.

கொதிக்க வைத்து எடுத்ததும் குழலில் கறுப்புப் பொடி வெல்வெட் போலப் படிந்திருக்கும். எண்ணெய் இல்லாத ஸ்டீல் வூலால் மெல்லத் தேய்த்தால் ஒட்டாதது உதிரும், ஒட்டியது நிற்கும். மறுபடி துரு, மறுபடி கொதி. இப்படி ஐந்தாறு சுற்று. பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர்தான் நல்லது. குழாய்த் தண்ணீரின் உப்பு திட்டுத் திட்டாகக் காட்டிக் கொடுத்துவிடும்.

தொழிற்சாலைகளில் காஸ்டிக் சோடாவையும் நைட்ரேட் உப்பையும் 140 டிகிரி செல்சியஸ் அளவுக்குக் காய்ச்சி, அரை மணி நேரத்தில் கறுப்பேற்றிவிடுகிறார்கள். இதை யாரும் வீட்டில் செய்ய வேண்டாம். ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தாலும் கொதிக்கும் காரம் முகத்தில் தெறிக்கும். தவிர, பழைய இரட்டைக் குழல்களை ஈயமும் வெள்ளீயமும் வைத்துத்தான் பற்றவைத்திருப்பார்கள். காரம் அந்தப் பற்றையே அரித்துவிடும். கரைசல் செய்வதற்குப் பழைய குறிப்புகள் பல இருக்கின்றன, சிலவற்றில் பாதரச உப்புகூட உண்டு. பரம்பரை ரகசியம் என்று யாராவது கொடுத்தால் நம்பிக் கலக்காதீர்கள்.

பள்ளியில் மூன்று சோதனைக் குழாய்களில் ஆணி போட்டுத் துருவைக் காட்டுவதோடு நிறுத்திவிடுகிறோம். புதிதாகத் துரு பூத்த ஆணியைக் கொதிநீரிலும் போட்டுக் காட்ட ஒரு ஸ்டவ் போதும். காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் பல பத்தாண்டுகளாக அரிமானத்தை ஆராய்ந்து வருகிறது. பாலத்தையும் கப்பலையும் தின்கிற விஷயம் இது. இந்த ஆராய்ச்சிக்கு இன்னும் தாராளமாகப் பணம் ஒதுக்க வேண்டும் என்பது என் கருத்து.

மேக்னடைட் படலத்தில் நுண்துளைகள் உண்டு. அதனால் அது தனியாகத் துருவைத் தடுக்காது, எண்ணெயை உறிஞ்சிப் பிடித்துக்கொண்டு தடுக்கும். கடைசிக் கொதி முடிந்ததும் சூடு ஆறுவதற்குள் எண்ணெய் தடவச் சொல்லுங்கள். இன்னொன்று, சேகரிப்பாளர்கள் தேடும் அரிய துப்பாக்கி என்றால், தேய்ந்து போன பழைய பூச்சுக்குத்தான் மதிப்பு. விவரம் தெரிந்தவரிடம் காட்டிக் கேட்டுவிட்டு அப்புறம் உப்புத்தாளை எடுக்கட்டும்.