"இன்னும் கொஞ்சம் கொட்டு": கிண்டல் எந்த வயதில் புரியும்?

நாலு வயதுப் பிள்ளை தரையில் தண்ணீரைக் கொட்டிவிடுகிறது. "ஆஹா, ரொம்ப நல்லா இருக்கு, இன்னும் கொஞ்சம் கொட்டு" என்கிறார் அப்பா. பிள்ளை இன்னும் கொஞ்சம் கொட்டுகிறது. முதுகில் அடி விழுகிறது. திமிர் என்று இதை ஆலோசனைக்குக் கொண்டுவருகிறார்கள். திமிரே இல்லை, சொன்னதைச் செய்திருக்கிறது, அவ்வளவுதான். சொல் ஒன்றும் பொருள் வேறொன்றுமாக இருக்கலாம் என்பது பெரும்பாலான பிள்ளைகளுக்கு 5, 6 வயதில்தான் பிடிபடத் தொடங்கும். அதில் வேடிக்கையும் இருக்கிறது என்று புரிய இன்னும் சில வருடம் ஆகும். அதுவரை குத்தல் பேச்சு அவர்களுக்கு உத்தரவு, இல்லாவிட்டால் திட்டு.

2 வயதில் சிரிப்பு வருவது, தெரிந்த ஒன்று தாறுமாறாக நடக்கும்போது. காலுறையைக் காதில் மாட்டிக்கொண்டால் சிரிக்கும். அது காலில் போடுவது என்று தெரிந்திருந்தால் மட்டும். உடுத்த அடம்பிடிக்கும் பிள்ளைக்கு இதுவே நல்ல வழி. சட்டையைக் காலில் மாட்டப் பாருங்கள். "அப்படி இல்ல!" என்று திருத்த வரும் கை பாதி சட்டைக்குள் போயிருக்கும். பசியிலும் தூக்கக் கலக்கத்திலும் இது எடுபடாது. அழுகை உச்சத்தில் இருக்கும்போது செய்யவே கூடாது: தன்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்றுதான் அதற்குத் தோன்றும்.

7, 8 வயதில் விடுகதையும் கடி ஜோக்கும் வரும். ஒரே ஜோக் பத்து தடவை வரும். சிரித்து வையுங்கள், வேறு வழியில்லை.

கிச்சுகிச்சு மூட்டும்போது சிரிப்பை நம்ப வேண்டாம். பிடிக்காவிட்டாலும் உடம்பு சிரித்துவிடும். மூன்று நான்கு நொடிக்கு ஒருமுறை கையை எடுத்துவிட்டுக் காத்திருங்கள். பிள்ளை திரும்ப வந்தால் தொடரலாம். முழங்காலை மடக்கிக்கொண்டாலோ, விலகினாலோ, "போதும்" என்றாலோ அத்தோடு விடுங்கள்.

நிறம், எடை, மதிப்பெண், படுக்கையில் சிறுநீர் போனது: இவற்றை உறவினர் முன்னால் வேடிக்கையாக்குவதுதான் அதிகம் காயப்படுத்துகிறது. வளர்ந்த பிள்ளை கூடவே சிரிக்கும், அதனால் பெற்றோருக்குத் தெரிவதில்லை. பேச்சை மாற்றுகிறதா, அடுத்த முறை ஆட்கள் வந்தால் அறையைவிட்டு வர மறுக்கிறதா என்று பாருங்கள். "விளையாட்டுக்குத்தானே சொன்னேன்" என்பது பழியைப் பிள்ளை மேலேயே திருப்பிவிடும். "அதை நான் சொல்லியிருக்கக் கூடாது, இனிமே சொல்ல மாட்டேன்" போதும். நாலு பேர் முன்னால் கிண்டல் செய்திருந்தால், அந்த நாலு பேர் காதிலும் இது விழட்டும்.