பாட்டு சிடியும் சந்தேகப்படும் மென்பொருளும்

பழைய பாட்டு சிடி ஒன்றைக் கணினியில் போட்டு விண்டோஸில் திறந்தால், ஒவ்வொரு பாட்டும் சிடிஏ என்று முடியும் ஒரு கோப்பாகத் தெரியும். அதை டெஸ்க்டாப்புக்கு இழுத்துப் போட்டுவிட்டு, சிடியை எடுத்த பிறகு பாட வைக்கப் பார்த்து ஏமாந்தவர்கள் நிறையப் பேர். அந்தக் கோப்பின் அளவு வெறும் 44 பைட். பாட்டு எங்கே தொடங்குகிறது, எவ்வளவு நேரம் ஓடும் என்ற குறிப்புகள்தான் அதில் உண்டு. உண்மையில் பாட்டு சிடியில் கோப்பு என்ற ஒன்றே கிடையாது. பாட்டைக் கணினிக்கு நகலெடுக்க, சிடியில் உள்ள இசையைப் படித்துக் கோப்பாக்கும் மென்பொருள் வேண்டும்.

1982-இல் சந்தைக்கு வந்தபோது சிடி என்பது பாட்டுக் கேட்பதற்கான தட்டு மட்டுமே. நொடிக்கு 44,100 மாதிரிகள் (ஒலி அலையை அளந்து எடுத்த எண்கள்), ஒவ்வொன்றும் 16 பிட், இடம் வலம் என இரண்டு ஒலித்தடங்கள். எல்லாம் நடுவிலிருந்து வெளிப்புறம் நோக்கிச் சுற்றிப் போகும் ஒரே சுருளில் பதிவாகியிருக்கும். ஒரு நொடி இசை 75 துண்டுகள்; ஒரு துண்டு 2,352 பைட். பின்னால் வந்த, கணினித் தரவுக்கான சிடி-ராமில் இதே அளவு துண்டில் 2,048 பைட்தான் தரவு. மீதி 304 பைட் முகவரி, பிழைதிருத்தம் போன்ற வேலைகளுக்குப் போய்விடும். பாட்டு சிடியிலோ 2,352 பைட்டும் இசைதான். நேரக் குறிப்பு தனியாக ஒரு துணைவழியில் வருகிறது. அது இசையோடு இம்மி பிசகாமல் ஒட்டி வருவதில்லை. அதனால் குறிப்பிட்ட இடத்திலிருந்து படிக்கச் சொன்னால், பல டிரைவ்கள் சில மாதிரிகள் முன்னே பின்னே தள்ளித்தான் எடுத்துக் கொடுக்கும். நடுவில் படிப்பது நின்று மறுபடி தொடங்கினால், ஒட்டுப்போட்ட இடத்தில் 'டிக்' என்று கேட்கும்.

லினக்ஸில் இருக்கும் சிடிபாரனோயா என்ற நகலெடுக்கும் மென்பொருள் இதற்கு அழகான வழி வைத்திருக்கிறது. ஓடு வேய்கிறவர் ஒரு ஓட்டின் விளிம்பு மேல் அடுத்ததை ஏற்றி வைப்பது போல, ஒவ்வொரு முறையும் ஏற்கெனவே படித்ததில் கொஞ்சத்தைச் சேர்த்தே படிக்கும். இரண்டிலும் ஒத்துப்போகும் பகுதியைக் கண்டுபிடித்து அங்கே இணைக்கும்.

அப்புறம் கீறல். இசை ஒரே இடத்தில் மொத்தமாக இல்லாமல் கலைத்துப் பரப்பி எழுதப்பட்டிருக்கிறது; கூடவே திருத்துவதற்கான பைட்களும் உண்டு. தடத்தில் சுமார் 2.5 மில்லிமீட்டர் நீளத்துக்குச் சேதமானாலும் முழுமையாக மீட்டுவிடலாம். அதையும் தாண்டினால், பிளேயர் அக்கம்பக்கத்து மாதிரிகளைப் பார்த்து இடைவெளியைத் தோராயமாக நிரப்பிவிடும். கேட்பவருக்கு அது உதவிதான். ஆனால் நகலெடுக்கும்போது அந்த ஊகம் அசல் இசையைப் போலவே கோப்பில் உட்கார்ந்துவிடும், நமக்குத் தெரியவே தெரியாது.

ஜெர்மனியைச் சேர்ந்த ஆண்ட்ரே வீத்தாஃப் எழுதிய எக்ஸாக்ட் ஆடியோ காப்பி என்ற மென்பொருள் இங்கேதான் கைகொடுக்கிறது. அதன் பாதுகாப்பு முறையில் ஒவ்வொரு துண்டையும் ஒன்றுக்கு இரண்டு முறையாவது சரிபார்க்கும். வேறுபட்டால் 16 முறை படித்து, அதில் 8 ஒன்றுபோல் இருந்தால்தான் ஏற்கும். மோசமான இடத்தை 82 முறை வரைகூடப் படிக்கும். டிரைவ் தன் தற்காலிக நினைவகத்திலிருந்தே பழைய விடையை எடுத்து நீட்டலாம் என்பதால், அதையும் தவிர்க்க அமைப்பு இருக்கிறது. கடைசியில், ஆக்குரேட்ரிப் தரவுத்தளத்தில் அதே சிடியை நகலெடுத்த மற்றவர்களின் சரிபார்ப்பு எண்ணோடு (இசைத் தரவிலிருந்து கணக்கிட்ட எண்) நம்முடையதை ஒப்பிடலாம். முன்பின் தெரியாத ஒருவரின் டிரைவும் என் டிரைவும் ஒரே எண்ணைச் சொல்லும்போது வரும் நிம்மதி தனிதான்.

எண் பொருந்தவில்லையா? முதலில் சிடியைத் துடையுங்கள், நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேராக. வட்டமாகத் துடைத்து ஒரு கீறல் விழுந்தால் அது தடத்தோடு சேர்ந்தே நீளமாக ஓடும்; குறுக்குக் கீறலைவிட அது மோசம். அடுத்து வேகத்தைக் குறையுங்கள். அதற்கும் சரியாகவில்லை என்றால் வேறு டிரைவில் போட்டுப் பாருங்கள். என்னிடம் இருந்த ஒரு சிடியின் கடைசிப் பாட்டு, மடிக்கணினி டிரைவில் இரவு முழுக்க ஓடியும் தேறவில்லை. பழைய மேசைக்கணினி டிரைவில் சில நிமிடங்களில் பிழையே இல்லாமல் வந்துவிட்டது. எடுத்ததை, இழப்பில்லாமல் சுருக்கும் ஃப்ளாக் என்ற கோப்பு வடிவில் சேமித்துவிட்டால் ஒரு பிட்கூடக் குறையாது.

பலர் கவனிக்காதது மேல்பக்கம். லேசர் படிக்கும் பக்கத்தில் 1.2 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் காவல் இருக்கிறது; மெருகேற்றிக் கீறலைப் போக்கவும் முடியும். படம் அச்சிட்ட பக்கத்திலோ மெல்லிய பூச்சுக்கு அடியிலேயே அலுமினியப் படலம். வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். அங்கே பெரிய ஓட்டையாக ஒளி தெரிந்தால் அந்த இடத்து இசை உரிந்து போய்விட்டது. 82 முறை படித்தாலும் வராது. அதே சிடியின் இன்னொரு பிரதியைத் தேட வேண்டியதுதான்.