சதி என்று தலைவரே சொன்னால் ஊசிக்கு யார் வருவார்கள்?

கோத்தகிரிப் பக்கத்து எஸ்டேட் லைன்களில் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடுவது என் பணியில் பெரும்பகுதி. 2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் தட்டம்மை - ரூபெல்லா ஊசி முகாம் தொடங்கியது. 9 மாதம் முதல் 15 வயதுக்கு உட்பட்ட எல்லாப் பிள்ளைகளுக்கும் போட வேண்டும். எங்களுக்கு முன்பே வாட்ஸ்அப் வதந்தி மலையேறிவிட்டது. கொழுந்து எடுத்துவிட்டு வந்த ஒரு தாய் செல்போனை என் முன் நீட்டி, "இதக் கேட்டுப் பாருங்க டாக்டர். இந்த ஊசி போட்டா பெரிசானதும் புள்ள பொறக்காதாமே?" என்றார்.

அதில் பேசியவர் யாரென்று எவருக்கும் தெரியாது. அதனால்தான் நர்சம்மா பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாகப் பேசியதும் பயம் தெளிந்தது. இதையே ஓட்டு வாங்கி ஜெயித்த ஒருவர் சொல்லியிருந்தால் நர்சம்மாவின் பேச்சு எடுபட்டிருக்காது.

நைஜீரியாவின் வடக்கே உள்ள கானோ மாநிலத்தில் அதுதான் நடந்தது. போலியோ சொட்டு மருந்தில் மலடாக்கும் மருந்து கலந்திருக்கிறது, இது மேற்கத்திய நாடுகளின் சதி என்ற பேச்சைப் பிடித்துக்கொண்டு, 2003இல் ஆளுநர் இப்ராஹிம் ஷெகாராவ் மருந்தையே நிறுத்தினார். அங்கே ஆளுநரையும் ஓட்டுப் போட்டுத்தான் தேர்ந்தெடுப்பார்கள். மத்தியில் எதிர்க்கட்சியாக இருந்த கட்சியின் சார்பில் அந்த ஆண்டுதான் அவர் ஜெயித்திருந்தார். மத்திய அரசு மீது வடக்கத்திய மக்களுக்கு ஏகப்பட்ட கோபம். மருந்தை எதிர்த்தால் அந்தக் கோபம் முழுக்கத் தன் பக்கம் வரும். தன் ஆட்சியில் ஆஸ்பத்திரி எப்படி இருக்கிறது என்று கேட்க ஆள் இருக்காது. அவர் மனதில் இருந்தது எனக்குத் தெரியாது. கிடைத்த அரசியல் லாபம் இதுதான் என்பது என் கணிப்பு.

மக்கள் ஏன் நம்பினார்கள்? 1996இல் அதே கானோவில் மூளைக்காய்ச்சல் பரவியபோது அமெரிக்க மருந்து நிறுவனமான பைசர் சுமார் 200 குழந்தைகளை வைத்து மருந்துச் சோதனை நடத்தியது. 11 குழந்தைகள் இறந்தார்கள். வழக்கு பல ஆண்டுகள் நடந்து 2009இல்தான் சமரசமானது. ஆறாத அந்தப் புண்ணின் மேல்தான் கதை கட்டப்பட்டது. மருந்து பாதுகாப்பானது என்று சோதனை முடிவு வந்த பிறகும் தடை நீடித்தது. 2004இல் இந்தோனேசியாவில் தயாரான மருந்தை வரவழைத்துத்தான் மறுபடி கொடுத்தார்கள். அதற்குள் நோய் எல்லை தாண்டிவிட்டது. பத்தாண்டுகளாகப் போலியோ இல்லாமல் இருந்த அந்த இந்தோனேசியாவுக்கே 2005இல் நைஜீரிய வகைக் கிருமி போய்ச் சேர்ந்து, முந்நூறு பேருக்கு மேல் முடக்கியது.

தென்னாப்பிரிக்காவின் அப்போதைய அதிபர் தாபோ உம்பெக்கி, எய்ட்ஸுக்குக் காரணம் எச்ஐவிதானா என்று சந்தேகம் கிளப்பினார். அவர் அதை உண்மையிலேயே நம்பியிருக்கலாம். அந்தச் சந்தேகத்தால் அவர் அரசு எய்ட்ஸ் மருந்து கொடுப்பதைத் தாமதப்படுத்தியதில் 2000க்கும் 2005க்கும் இடையே 3,30,000க்கும் அதிகமான உயிர்கள் போனதாக ஹார்வர்டு ஆய்வாளர்கள் 2008இல் கணக்கிட்டார்கள். நம்பிச் சொன்னாரா, நடித்தாரா என்று ஆராய்வதில் எனக்கு அக்கறை இல்லை. செத்தவர்களுக்கு இரண்டும் ஒன்றுதான்.

நம் மக்களிடமும் புண் இருக்கிறது. நெருக்கடி நிலைக் காலத்தில் நாட்டின் பல பகுதிகளில் ஆட்களைப் பிடித்துக்கொண்டு போய்க் கருத்தடை செய்தது பொய்யல்ல. அதனால் "புள்ள பொறக்காதாமே" என்று கேட்பவரை நான் அறியாமை என்று ஒதுக்குவதில்லை. அப்படி ஒதுக்கினால், நாளை அவர் கோபத்தைக் குத்தகைக்கு எடுக்க ஒரு தலைவர் வந்துவிடுவார்.

சந்தேகம் கேட்பவர்கள் கையில் மருந்துக் குப்பியையே கொடுத்துவிடுகிறேன். ஒட்டியிருக்கும் அடையாளத்தில் வட்டத்துக்குள் ஒரு சின்னச் சதுரம் இருக்கும். சதுரம் வெளிறியிருந்தால் மருந்து சூட்டில் கெடவில்லை. வட்டத்தின் நிறத்துக்கு வந்துவிட்டால் போடக் கூடாது. காலாவதித் தேதியையும் அவர்களே பார்க்கலாம். சதி என்று சொல்லும் தலைவரிடமும் இதேபோல் கேளுங்கள்: எதைக் காட்டினால் உங்கள் சந்தேகம் தீரும்? எதைக் காட்டினாலும் "அதுவும் சதிதான்" என்றால், அவர் ஆட்சியில் உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் டாக்டர் இருக்கிறாரா, மருந்து இருக்கிறதா என்பதை அடுத்ததாகக் கேளுங்கள்.