காணாமற்போனமைச் சான்றிதழ்: மரணப் பத்திரத்தில் கையெழுத்து வைக்கும் முன்

போரில் கணவனையோ பிள்ளையையோ தொலைத்த குடும்பம் அலுவலகத்துக்குப் போனால் கேட்கும் பதில் ஒன்றுதான். “மரணச் சான்றிதழ் எடுத்துக்கொண்டு வாங்கோ, மிச்சத்தை உடனே செய்து தாறம்.” வங்கிக் கணக்கு, காணி, உதவிப் பணம் என எதைக் கேட்டுப் போனாலும் இதுதான். உயிரோடு இருக்கிறாரா இல்லையா என்று அரசாங்கமே சொல்லாத ஒருவரை, இறந்துவிட்டார் என்று நீங்கள் எழுதிக் கொடுக்க வேண்டும் என இலங்கைச் சட்டத்தில் எங்கும் கட்டாயம் இல்லை.

2010ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க மரணப் பதிவு (தற்காலிக ஏற்பாடுகள்) சட்டத்தை 2016இல் திருத்தினார்கள். அந்தத் திருத்தத்தில் வந்ததுதான் காணாமற்போனமைக்கான சான்றிதழ்: ஒருவர் இறந்துவிட்டார் என்று சொல்லாமல், காணாமற்போயிருக்கிறார் என்று மட்டும் பதிவுசெய்து தரும் தாள். சட்டப் பின்னணிக்கு இவ்வளவு போதும்.

இதை வைத்து அரச நலன்புரி உதவிகளுக்கு விண்ணப்பிக்கலாம், காணாமற்போனவரின் சொத்தைத் தற்காலிகமாகப் பராமரிக்கலாம், பிள்ளைகளின் பாதுகாவலராவதற்கு விண்ணப்பிக்கலாம். காணியை மட்டும் விற்க முடியாது. விற்றுத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

போர் அல்லது கலவரத்தின்போது காணாமற்போனவர்கள், வலுக்கட்டாயமாகக் கடத்திக் காணாமலாக்கப்பட்டவர்கள், களத்தில் காணாமற்போன படையினர் என எல்லாருடைய நெருங்கிய உறவினரும் கேட்கலாம். தமிழர், சிங்களவர், முஸ்லிம் என்று இதில் வேறுபாடு இல்லை. கடைசியாக அவர் வசித்த இடத்தின் மாவட்டப் பதிவாளரிடம் விண்ணப்பிக்க வேண்டும். ஏற்கெனவே மரணச் சான்றிதழ் எடுத்துவிட்டீர்களா? அதை இரத்துச் செய்து இதற்கு மாறவும் வழி இருக்கிறது. இதை அலுவலகத்தில் யாரும் தானாகச் சொல்ல மாட்டார்கள். நீங்கள்தான் கேட்க வேண்டும்.

சிக்கல் எல்லாம் தாள்களில்தான் வரும். இத்தனை வருடத்தில் ஒரே குடும்பம் எத்தனை இடத்தில் முறைப்பாடு கொடுத்திருக்கும்! பொலிஸ், மனித உரிமைகள் ஆணைக்குழு, ஐ.சி.ஆர்.சி. (சர்வதேச செஞ்சிலுவைக் குழு), 2010இல் வந்த கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு, பிறகு காணாமற்போனோர் பற்றிய முறைப்பாடுகளைக் கேட்ட பரணகம ஆணைக்குழு, அதற்குப் பிறகு காணாமற்போனோர் அலுவலகம். ஓரிடத்தில் ஏப்ரல் என்றிருக்கும், இன்னோரிடத்தில் மே. பெயரின் ஆங்கில எழுத்து மூன்று விதமாக இருக்கும். இந்த வேறுபாட்டைக் காட்டி உங்களைத் திருப்பி அனுப்புவார்கள். அதனால் விண்ணப்பத்துக்கு முன் கையில் உள்ள எல்லாப் பிரதிகளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பெயர், பிறந்த திகதி, அடையாள அட்டை இலக்கம், காணாமற்போன நாள், இடம் எல்லாம் ஒன்றுபோல இருக்கட்டும். இல்லையென்றால் ஏன் மாறியது என்று ஒரு சத்தியக் கடதாசியில் எழுதி இணையுங்கள்.

இன்னொன்று இதைவிடப் பெரியது. போர் முடிந்த 2009 மே மாதம் முல்லைத்தீவின் வட்டுவாகலில் பிள்ளையை இராணுவத்திடம் கையளித்த தாய் அதைச் சொல்லும்போது, எழுதுபவர் “போரில் காணாமற்போனார்” என்று சுருக்கி எழுதிவிட்டுக் கையெழுத்து வாங்குவார். அப்படி எழுதினால் கையளித்தது என்ற விடயமே பதிவில் இல்லாமல் போய்விடும். எழுதியதை உரத்து வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். யாரிடம், எங்கே, யார் முன்னிலையில் என்பது இல்லாத தாளில் கையெழுத்து வைக்காதீர்கள். சிங்களத்தில் மட்டும் உள்ள படிவத்திலும் வைக்காதீர்கள். தமிழ் ஆட்சிமொழி, தமிழில் கேட்பது உங்கள் உரிமை.

கிராம அலுவலரிடம் ஒரு தரம், பிரதேச செயலகத்துக்கு ஒரு தரம், பிறகு “கோப்பு கொழும்பில இருக்கு.” இந்தப் பதிலை வாயால் சொல்ல விடாதீர்கள். விண்ணப்பம் கொடுத்த அன்றே, பிரதியில் முத்திரையும் திகதியும் வாங்கிவிடுங்கள். அசையவில்லை என்றால் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒரு கடிதம் எழுதுங்கள். “எனது விண்ணப்பம் இப்போது யாரிடம் உள்ளது, என்ன குறை?” என்று கேட்டால் போதும். 14 வேலைநாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்பது சட்டம். பலமுறை நடந்து அலைவதைவிட இந்த ஒரு கடிதம் கோப்பைச் சீக்கிரம் நகர்த்தும்.

சான்றிதழ் வாங்கினால் பிள்ளையைத் தேடுவதை விட்டுக்கொடுத்ததாகுமா என்று தாய்மார் கேட்கிறார்கள். அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் போராட்டத்தில் உட்கார்ந்த காணாமலாக்கப்பட்டோரின் உறவினர்கள் கேட்டது பதில், தாள் இல்லை. ஆனால் இந்தச் சான்றிதழ் மரணத்தை ஏற்றுக்கொள்வது அல்ல, விசாரணையையும் நிறுத்தாது. அப்படியும் வேண்டாம் என்று ஒரு குடும்பம் முடிவெடுத்தால் அதை மதிக்க வேண்டும். கிராம அலுவலரோ தொண்டு நிறுவனமோ நெருக்குவது தவறு. நல்லிணக்கம் பேசுகிற அரசாங்கம் முதலில் இந்த நெருக்குதலை நிறுத்தட்டும்.

பணத்தையும் சான்றிதழையும் ஒன்றாகக் குழப்ப வேண்டாம். 2019 வரவுசெலவுத் திட்டத்தில் இந்தச் சான்றிதழ் உள்ள குடும்பங்களுக்கு மாதம் 6,000 ரூபாய் அறிவிக்கப்பட்டது. ஆட்சி மாறும்போது அறிவிப்பும் மாறுகிறது. ஆகவே பணம் பற்றி இழப்பீட்டுக்கான அலுவலகத்திடம் எழுத்தில் கேளுங்கள். வாங்கித் தருவதாகச் சொல்லும் இடைத்தரகருக்குச் சதம்கூடக் கொடுக்காதீர்கள்.

சான்றிதழ் 2 வருடத்துக்குத்தான் செல்லுபடியாகும். முடிவதற்கு மூன்று மாதம் இருக்கும்போதே நீடிப்புக்கு விண்ணப்பியுங்கள். காலாவதியான தாளோடு போனால் வங்கியில் மறுபடி அதே மரணச் சான்றிதழைத்தான் கேட்பார்கள்.